வினைமுற்று

ஹெர்மன்ஷ்ட்ராஸ நிலையத்தில்
என் மூக்குக்கு நேரே கதவு மூடியது.
பதினேழு படி இறங்கி ஓடியதற்கே
விலாவில் ஊசி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை
எனக்காக வருத்தப்பட்டது.
அன்றிரவு
புதிதாக ஓடுகிறவர்கள் பட்டியலில்
பேர் எழுதினேன்.

அக்காவிடம் சொன்னேன், தொலைபேசியில்.
"முப்பத்தொன்பது வயசுல
ஓடுகாலி ஆயிட்டியாடி" என்று
சிரித்துச் சிரித்து இருமினாள்.
யாரோடும் ஓடிப்போகாமல்
முறையாக விசா வாங்கி
பெட்டியை எடை போட்டு வந்தவள் நான்.
பட்டம் இப்போதுதான் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை, டெம்பல்ஹோஃப்.
விமானங்கள் வராமல் போன விமானத்தளம்.
தார் வெடிப்பில் மஞ்சள் பூ.
வெள்ளைக் கோடுகள் இன்னும்
யாரையோ இறங்கச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.
இதற்கு ஓடுபாதை என்று
தமிழில் பேர் வைத்தவருக்கு
தள்ளுபடியில் வாங்கிய ஆண்கள் காலணியோடு
ஒருத்தி இங்கே வந்து நிற்பாள் என்று
தெரிந்திருக்குமோ என்னவோ.

என்னோடு சேர்த்து ஒன்பது பேர்.
ஊல்ரிக்கே கழுத்தில் விசில்.
ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை,
எட்டு முறை.
ஒரு நிமிடம்தானே என்று நினைத்தேன்.
பால் பொங்குகிறதா என்று
நின்று பார்க்கிற நேரம்.

மூன்றாவது விசிலில்
நிமிடத்துக்கு வால் முளைத்தது.
காற்று வேறு.
இந்தத் திடலில் அதற்குத் தடுக்கச் சுவர் இல்லை,
நாலு பக்கமிருந்தும் வந்து
என் சட்டைக்குள் குடியேறியது.
சக்கரப் பலகைப் பையன் தாண்டினான்.
வயதான நாய் ஒன்று தாண்டியது,
தாண்டியபின் திரும்பிப் பார்த்தது,
அதுதான் பொறுக்கவில்லை.

கடைசி ஆளோடு ஒருவர் கூடவே வரவேண்டும்.
விதி அப்படி.
அவருக்கு இங்கே துடைப்பம் என்று பேர்.
இன்றைய துடைப்பம் டெட்லெஃப்,
மாநகரச் சாக்கடைப் பொறியாளர்,
வலது முழங்காலில் நீலப்பட்டை.
"பேச முடிகிற வேகத்தில் ஓடு" என்றார்.
"சொல், ஏன் வந்தாய்?"

இவர்கள் மொழியில்
ஏனென்றால் என்று ஆரம்பித்தால்
வினைச்சொல் கடைசியில்தான் வரும்,
நம் மொழி போலவே.
ஏனென்றால்
எனக்கு
இந்த ஊரில்
ஒருவரையும்

அங்கே அறுந்தது மூச்சு.
விசில்.
நடந்தோம். வினைச்சொல் வரவில்லை.
மறுபடியும் விசில்.

அவர் அவசரப்படுத்தவில்லை.
தம் பூனைக்கு ஒற்றைக் கண் என்றார்.
நாம் ஓடும் இந்தத் தாருக்கு அடியில்
மழைநீர் எந்தப் பக்கம் போகிறது என்று
கைநீட்டிக் காட்டினார்.
வேலிக்குள் வானம்பாடிகள் முட்டையிடும் காலம்,
புல்லில் மிதிக்காதீர்கள் என்று பலகை.
ஒன்று நேர்மேலே ஏறிக்கொண்டிருந்தது,
ஏறும்போதே பாடிக்கொண்டு.
கைப்பிடியளவு உடம்பு.
எங்கே வைத்திருக்கிறது அவ்வளவு மூச்சை?

தூரத்தில் மற்ற ஏழு பேர்
கோடு முடியும் இடத்தில்
கணுக்காலைப் பின்னால் பிடித்தபடி
கொக்குகள் மாதிரி நிற்கிறார்கள்.
குளிர்கிறது, போகலாம்தானே?
போகவில்லை.

போய்ச் சேர்ந்தேன்.
யாரும் கைதட்டவில்லை, நல்லவேளை.
ஓஸ்லெம் கேட்காமலே
வாழைப்பழத்தில் பாதியை நீட்டினாள்.
டோர்பென் என் பெயருக்குள் இறங்கி
'தில்லை' வரை ஓடினான்.
'நாயகி' எட்டுவதற்குள் அவனுக்கும் இரைத்தது.

"ஏதோ சொல்லவந்தாயே,
முடிக்கவில்லை" என்றார் டெட்லெஃப்.

முட்டியில் கைவைத்துக் குனிந்திருந்தேன்.
தெரியாது என்கிற அந்தச் சொல்
இப்போதுதான் நாக்கு நுனிக்கு வந்திருந்தது,
வியர்த்து, தாமதமாக,
என்னைப்போலவே எல்லாருக்கும் பின்னால்.

நிமிர்ந்தேன்.
எட்டு முகம். ஒரு நீலப்பட்டை.
கையில் பாதிப் பழம்.

"அடுத்த செவ்வாயும்
ஆறரைக்குத்தானே?" என்றேன்.